வார்ப் டிரைவுக்கு ஆற்றல் பற்றாக்குறை மட்டும்தான் தடையா?

“அல்குபியரே வார்ப் டிரைவ் பொதுச் சார்பியலின்படி சரியானது என்கிறார்கள். அப்படியென்றால், போதுமான ஆற்றல் கிடைத்தால் ஒளியை முந்திவிடலாமா?” என்பது கேள்வி.

முடியாது. வார்ப் டிரைவ் என்பது கப்பலைச் சுற்றிக் காலவெளியை (இடமும் காலமும் சேர்ந்தது) ஒரு குமிழியாக வளைத்து, அந்தக் குமிழியையே நகர்த்தும் யோசனை. அதற்கு வேண்டிய ஆற்றல் கணக்கைக் காகிதத்தில் எவ்வளவோ குறைத்துவிட்டார்கள். ஆனால் ஒளியை முந்தும் குமிழியின் முன்சுவரைக் கப்பலில் இருப்பவரால் எட்டவே முடியாது. என் பார்வையில் அதுதான் பெரிய தடை. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

முதலில், “சரியானது” என்றால் என்ன? பொதுச் சார்பியலின் அடிப்படையான ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் ஒரு பக்கம் காலவெளியின் வளைவு, மறுபக்கம் அதை உண்டாக்கும் பொருளும் ஆற்றலும். வழக்கமாகப் பொருளைக் கொடுத்து வளைவைக் கண்டுபிடிப்பார்கள். மிகேல் அல்குபியரே 1994இல் தலைகீழாகச் செய்தார்: வேண்டிய வளைவை எழுதிவிட்டு, அதற்கு என்ன பொருள் தேவை என்று கணக்கிட்டார். இப்படி எந்தக் காலவெளியை எழுதினாலும் ஒரு விடை வரும். அந்தப் பொருள் இயற்கையில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

அவருடைய காலவெளியில் ஒரு வடிவச் சார்பு (இடத்துக்கு இடம் மாறும் ஒரு மதிப்பு) உண்டு. குமிழிக்குள் அதன் மதிப்பு 1, வெளியே 0. சுவருக்குள் அது 1இலிருந்து 0க்கு இறங்கும். குமிழியின் வேகத்தை இதனால் பெருக்கினால், ஓரிடத்தில் வெளி எவ்வளவு வேகமாக இழுத்துச் செல்லப்படுகிறது என்று தெரியும். நடுவில் இருப்பவர் தன்னைச் சுற்றியுள்ள வெளியைப் பொறுத்து நகர்வதே இல்லை. முடுக்கத்தை உணரமாட்டார், அவர் கடிகாரம் புறப்பட்ட இடத்துக் கடிகாரத்தோடு ஒத்து ஓடும். (முன்னால் வெளி சுருங்கிப் பின்னால் விரிவதே இயக்கும் விசை என்ற விளக்கத்தை நம்ப வேண்டாம். ஹோசே நாட்டாரியோ 2002இல் சுருக்கமும் விரிவும் இல்லாத வார்ப் காலவெளியை எழுதிக் காட்டினார்.)

இனி ஆற்றல். வேகத்தை ஒளிவேகத்தின் மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சுவர்த் தடிமனின் 12 மடங்கால் வகுத்தால் தேவையான ஆற்றலின் அளவு கிடைக்கும். ஆரம் 100 மீட்டர், சுவர் 1 மீட்டர், வேகம் 1 என்றால் சுமார் 833 மீட்டர் என்று விடை வரும் (இந்தக் கணக்கில் ஆற்றலையும் நிறையையும் நீள அலகில் எழுதுவார்கள்). ஒரு மீட்டருக்கு 1.35×10²⁷ கிலோ என்று மாற்றினால் சூரியனின் நிறையில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் குறி எதிர்மறை. வேகம் 10 என்றால் இது நூறு மடங்காகும். இந்த ஆற்றல் பயணத் திசைக்குக் குறுக்கே, குமிழியின் இடுப்பைச் சுற்றி வளையமாகச் செறிந்திருக்கும்.

எதிர்மறை ஆற்றல் வெறும் கற்பனை இல்லை. காசிமிர் விளைவில் 1 மைக்ரோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே கன மீட்டருக்குச் சுமார் 0.0004 ஜூல் எதிர்மறை ஆற்றல் இருப்பதாகக் கணக்கு. தகடுகளின் சொந்த நிறை அதை முழுவதும் விழுங்கிவிடும். தவிர, எதிர்மறை ஆற்றல் எவ்வளவு செறிவோ அவ்வளவு குறைந்த நேரமும் இடமும்தான் அதற்குக் கிடைக்கும் என்று குவாண்டம் விதி கட்டுப்படுத்துகிறது. ஃபென்னிங்கும் ஃபோர்டும் 1997இல் இந்த விதியைப் பொருத்திப் பார்த்தபோது, சுவர் பிளாங்க் நீளத்தின் (சுமார் 10⁻³⁵ மீட்டர்) சில நூறு மடங்குக்கு மேல் தடிக்க முடியாது என்று வந்தது. அவ்வளவு மெல்லிய சுவரோடு 100 மீட்டர் குமிழிக்கு 10⁶² கிலோவுக்கும் மேல் வேண்டும். கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளைவிட இது நூறு கோடி மடங்குகளில் பெரிது. 1999இல் வான் டென் ப்ரூக் வெளிப்பரப்பை அணுக்கரு அளவுக்குச் சுருக்கி, உள்ளே மட்டும் விசாலமாக வைத்து, தேவையைச் சில சூரிய நிறைகளுக்குக் கொண்டுவந்தார். அபாரமான குறைப்பு. ஆனாலும் முன்சுவர் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

அதை ஒரு கழித்தலிலேயே பார்த்துவிடலாம். கப்பலிலிருந்து முன்னோக்கி ஒளி அனுப்புகிறீர்கள். அதன் வேகம், வெளியின் இழுப்போடு 1ஐக் கூட்டியது. இதிலிருந்து குமிழியின் வேகத்தைக் கழித்தால் ஒளி எவ்வளவு முந்துகிறது என்று தெரியும். சுவருக்குள் போகப் போக இழுப்பு குறைகிறது. வேகம் 10 என்றால், சார்பு 0.9க்கு இறங்கும் இடத்தில் இழுப்பு 9, கூட்டினால் 10, கழித்தால் சுழி. ஒளி அங்கேயே நின்றுவிடும். சுவரின் மீதிப் பகுதிக்கு உள்ளிருந்து எந்தச் சைகையும் போகாது. கப்பலால் குமிழியை உருவாக்கவும் திருப்பவும் நிறுத்தவும் இயலாது என்பது இதன் விளைவு.

அப்படியானால் வழியெங்கும் கருவிகளை முன்கூட்டியே வைக்க வேண்டும். அவற்றைக் கொண்டுபோகும் கலங்கள் ஒளியைவிட மெதுவாகத்தான் செல்ல முடியும். தண்டவாளம் போடாமல் ரயில் விட முடியாது. 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரிக்குப் பத்து மடங்கு வேகத்தில் ஐந்து மாதங்களில் போகலாம். ஆனால் பாதை போட்டு முடிக்கக் குறைந்தது 4.24 ஆண்டுகள். இந்தச் சிக்கலை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் செர்கேய் கிராஸ்னிகோவ் ஒருவர்.

ஒளி நின்றுபோகும் அந்த இடம் கருந்துளையின் நிகழ்வு எல்லை (உள்ளிருந்து எதுவும் வெளியேற முடியாத விளிம்பு) போன்றது. ஆகவே அது ஹாக்கிங் கதிர்வீச்சையும் (இத்தகைய எல்லையிலிருந்து வரும் குவாண்டம் வெப்பக் கதிர்வீச்சு) உமிழும். ஃபினாட்சி, லிபராட்டி, பார்செலோ மூவரும் 2009இல் கணக்கிட்டபடி, சுவர் மெலிய மெலியக் குமிழிக்குள் வெப்பநிலை ஏறும்; முன்சுவரில் குவாண்டம் ஆற்றல் அடுக்கடுக்காகப் பெருகிக் குமிழி நிலைகுலையும். ஆக, குவாண்டம் விதி மெல்லிய சுவரைக் கேட்கிறது, மெல்லிய சுவரோ கப்பலை எரிக்கிறது.

காரண-காரியச் சிக்கலும் உண்டு. பத்து மடங்கு வேகத்தில் போய், நம்மிடமிருந்து ஒளிவேகத்தில் 20 சதவீதத்தில் விலகிச் செல்லும் தளம் ஒன்றிலிருந்து, அதன் கணக்கில் அதே பத்து மடங்கு வேகத்தில் திரும்பினால், புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்வீர்கள். இரண்டு குமிழிகளால் இப்படிக் காலத்தில் பின்னோக்கிப் போகலாம் என்று எவரெட் 1996இல் காட்டினார்.

2021க்குப் பிறகு “நேர்மறை ஆற்றல் வார்ப் டிரைவ்” என்று வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவற்றில் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, வேகம். 2024இல் ஃபுக்ஸ் குழு காட்டிய நேர்மறை ஆற்றல் கோள ஓடு நல்ல வேலைதான். ஆனால் அது ஒளியைவிட மெதுவாக, மாறாத வேகத்தில் போவது. 20 மீட்டர் ஆரத்துக்கு வியாழனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் நிறை கேட்பது. இரண்டாவது, ஆற்றல் யாருக்கு நேர்மறை என்பது. ஒளியை முந்தும் தீர்வு என்று லென்ட்ஸ் 2021இல் முன்வைத்ததில் ஒரு வகைப் பார்வையாளர்களின் அளவீட்டை வைத்தே நேர்மறை என்றார். எல்லாப் பார்வையாளர்களையும் கணக்கில் எடுத்தால் இவ்வகைக் காலவெளிகள் ஆற்றல் நிபந்தனையை (யார் அளந்தாலும் ஆற்றல் எதிர்மறையாகக் கூடாது என்பது) மீறுகின்றன என்று சாந்தியாகோ, ஷுஸ்டர், விஸ்ஸர் மூவரும் நிறுவிவிட்டார்கள்.