அந்தப் பையன் மந்தமில்லை

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார். சாயங்காலம் வரும்போது மகனையும் அழைத்து வருவார். அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. என் பேரனுக்கும் அதே ஏழு வயது. இரண்டு பேரையும் உட்கார வைத்து நானே பாடம் சொல்லித் தருகிறேன். பேரனுக்கு ஒருமுறை சொன்னால் போதும். அந்தப் பையனுக்குப் பத்து முறை சொன்னாலும் ஏறவில்லை. அறிவு பிறவியில் வருவதுதானே? இதற்குப் போய்க் குடும்ப வசதியை ஏன் காரணம் காட்டி எழுதுகிறீர்கள்? குடிசையில் பிறந்து பெரிய ஆள் ஆனவர்கள் இல்லையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, ஐயா. அந்த அம்மா ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் இருக்கிறார். அப்படியென்றால் அவர் மகனை எழுப்புவது யார்? தலை வாரிவிடுவது யார்? உங்கள் பேரன் சாப்பிடும்போது இட்லி ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் மூன்று பேர் இருப்பீர்கள். அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நேரத்தில் உங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருக்கிறார். வசதிக்கும் மூளைக்கும் உள்ள சம்பந்தம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிறவிக்குப் பங்கே இல்லை என்று நான் எழுதியதில்லை. ஆனால் வளரும் வீட்டின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பிரான்சில் மிஷேல் டுயிம் குழுவினர் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்ன வயதில் கவனிப்பாரில்லாமல் சீரழிந்து, நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தத்துப்போன 65 பிள்ளைகள். தத்துப்போவதற்கு முன் ஒருவருக்கும் நுண்ணறிவு எண் (ஐ.க்யூ., சராசரி 100) 86ஐத் தாண்டவில்லை. வளர்ந்து பதின்வயதில் மறுபடி சோதித்தபோது, வசதி குறைந்த வீட்டுக்குப் போனவர்களுக்குச் சராசரியாக 8 புள்ளி ஏறியிருந்தது. வசதியான வீட்டுக்குப் போனவர்களுக்கு 19 புள்ளிக்கு மேல். ரத்தம் அதேதான், வீடு மாறியது.

இன்னொரு ஆய்வு நம் ஊர்ப்பக்கமே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவடைக்கு முன்னால் கையில் காசு இல்லாதபோது ஒருமுறை, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறை. முதல் முறை நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை 4 பேர்தான். புதிர்களில் என்ன நடந்தது தெரியுமா? முதலில் தடுமாறியவர்களே பணம் வந்த பிறகு அதிகம் சரியாகப் போட்டார்கள். சில மாத இடைவெளியில் யாருடைய பிறவி அறிவும் கூடிவிடாது. நகை மூழ்கிவிடுமோ என்ற கவலை மனதில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது, அது இறங்கியது, அவ்வளவுதான். ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது பெரியவர்களை. ஆனால் அந்தப் பெரியவர்தான் ஒரு குழந்தைக்கு அப்பா. வட்டிக்கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் கேள்வி அவர் காதில் விழுமா?

அப்புறம், சாப்பாடு. பள்ளியில் இப்போது காலை உணவு உண்டு, மதியம் முட்டையோடு சத்துணவு உண்டு. இதில் தமிழ்நாட்டுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூளை மிக வேகமாக வளரும் முதல் இரண்டு மூன்று வயது, பிள்ளை பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்பே போய்விடுகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த குழந்தை சோர்ந்து உட்கார்ந்திருக்கும், கவனம் நிற்காது. அதைப் பார்த்துத்தான் "மந்தம்" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒருநாள் ஓர் அங்கன்வாடியில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ஒருவர்தான். பதிவேடு எழுதினார், குழந்தைகளை எடை போட்டார், கேட்டு வந்த தாய்மாருக்கு மாவுப் பொட்டலம் கொடுத்தார். ஒரு சின்னப்பெண் கையில் ஒரு பட அட்டையை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள். "இதோ வரேன் கண்ணு" என்று நாலைந்து முறை சொன்னார். கடைசிவரை வர முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை. நம் மாநிலத்திலேயே 320 அங்கன்வாடிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலவற்றில் மட்டும் பாடம் சொல்லித்தர அரைநாள் வேலைக்கு இன்னொரு ஆளைச் சேர்த்தார்கள். அந்தக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள், வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. சேர்த்தது ஒரே ஓர் ஆள்!

ஜமைக்காவில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் கிடைக்கும் பொருட்களில் செய்த பொம்மைகளோடு ஒரு மணி நேரம் தாயையும் பிள்ளையையும் விளையாட வைத்தார். இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

குடிசையில் பிறந்து பெரிய ஆள் ஆனவர்கள் உண்டு, சரி. அதே தெருவில் அவரோடு விளையாடிய மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று யாராவது விசாரித்தோமா? அவர்களில் எத்தனை பேருக்கு மூளை இருந்தும் ஆறாம் வகுப்போடு நின்றது என்று நமக்குத் தெரியாது. ஒருவரைக் காட்டி ஒன்பது பேரின் கணக்கை மூடுவதை என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் உட்கார்ந்து சொல்லித் தருகிறீர்களே, அது பெரிய காரியம். நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கு ரத்தமும் கண்ணும் பரிசோதித்தாயிற்றா என்று அவன் அம்மாவிடம் கேளுங்கள். பாடத்தை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு அவனைப் பேச விடுங்கள். இன்னொன்றும் உங்களால் முடியும்: அந்த அம்மாவை நாளையிலிருந்து எட்டரை மணிக்கு வரச் சொல்லுங்கள், சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல்.