அண்டார்டிகா, கிரீன்லாந்து போன்ற நிலங்களை மூடிக் கிடக்கும் பனிப்படலத்தின் அடியில் தண்ணீர் கூடினால் பனி வேகமாக நகருமா?

எப்போதுமே அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். தண்ணீர் கூடும்போது அழுத்தம் குறையவும் செய்யலாம். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த விஷயம் இதுதான்.

ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனி, அடியிலுள்ள பாறையை ஏறக்குறைய 90 வளிமண்டல அழுத்தத்தோடு அமுக்குகிறது. இடையில் சிக்கிய தண்ணீர் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மீதிப் பாரம்தான் பனியைப் பாறையோடு பிடித்து வைக்கிறது. நீரின் அழுத்தம் பனியின் எடையை நெருங்க நெருங்கப் பிடி தளரும், பனி வழுக்கும். அந்த நிலையில் மேலிருந்து அடிவரை துளை போட்டால், துளைக்குள் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் ஏறி நிற்கும்.

அண்டார்டிகாவில் இந்தத் தண்ணீர் பெரும்பாலும் அடியிலேயே உண்டாகிறது. பூமியின் வெப்பமும் பனி உராயும் வெப்பமும் அதற்குப் போதும். கிரீன்லாந்தில் கோடையில் மேலே உருகுவதும் சேர்ந்துகொள்கிறது. 2006 ஜூலையில் அங்கே பனிமேல் இருந்த ஒரு பெரிய ஏரி, ஒரு கிலோமீட்டர் பனியைப் பிளந்துகொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டது. தண்ணீர் பனியைவிட அடர்த்தியானது. அதனால் விரிசல் நீரால் நிறைந்தே இருக்கும்வரை அது கீழே கீழே பிளந்துகொண்டே போகும்.

அடியில் போன தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பாறையின் சரிவைவிடப் பனியின் மேற்பரப்புச் சரிவுக்கு ஏறக்குறைய 11 மடங்கு செல்வாக்கு. ஆகவே அடியில் பாறை மேடாக இருந்தாலும் தண்ணீர் அதில் ஏறிப் போகக்கூடும்.

சரி, அழுத்தத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் அடிநீர், பாறை முண்டுகளின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சின்னப் பொந்துகள் வழியாகச் சுற்றிச் சுற்றி மெதுவாகக் கசிகிறது. கோடை தொடங்கி மேலிருந்து தண்ணீர் கொட்டும்போது இந்தக் குறுகிய பாதை திணறுகிறது. அழுத்தம் ஏறி, பனி வேகமெடுக்கிறது. ஆனால் வேகமாக ஓடும் நீர் தன் உராய்வு வெப்பத்தால் சுவரை உருக்கித் தனக்கென்று வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள பனியோ தன் எடையால் அதை நெருக்கி மூடப் பார்க்கிறது. இந்த இழுபறியைப் பனியியல் ஆய்வாளர் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். சீராக ஓடும் வாய்க்காலில் நீரோட்டம் கூடக் கூட அழுத்தம் குறைகிறது. அப்புறம் அந்த வாய்க்கால் அக்கம்பக்கத்துப் பொந்துகளின் நீரையும் இழுத்துக்கொள்ளும். பனி மறுபடி பாறையில் நன்றாக அமர்கிறது. கோடையின் பின்பாதியில் உருகல் தொடர்ந்தாலும் வேகம் குறைவது இதனால்தான்.

ஆகவே நான் மொத்த உருகலைவிட, தண்ணீர் எவ்வளவு திடீரென்று வருகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். வாய்க்கால் விரிய நேரம் வேண்டும். பகலில் கூடி இரவில் குறையும் உருகலும், ஒரேயடியாக வடியும் ஏரியும் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. பனியியல் ஆய்வாளர் கிறிஸ்டியன் ஷூஃப் 2010-ல் இதை வலுவாக எடுத்துச் சொன்னார்.

உருகினால் பனி மேலும் மேலும் வேகமெடுத்துக் கடலுக்குப் போய்விடும் என்ற பயம் 2002-ல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு பரவலாக இருந்தது. ஆனால் தென்மேற்குக் கிரீன்லாந்தில் நிலத்திலேயே முடியும் பனிப் பகுதிகளில் 2007–14-ல் இருந்த வேகம் 1985–94-ல் இருந்ததைவிட 12 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் உருகல் அதிகம். இதை வைத்து எல்லா இடத்துக்கும் ஆறுதல் சொல்ல நான் தயாரில்லை. கடலில் முடியும் பனியாறுகளின் வேகத்தைக் கடல்நீரின் வெப்பமும் முனை உடைவதும் பெரிதும் தீர்மானிக்கின்றன. பனிப்படலத்தின் உட்பகுதியிலோ பனி மிகவும் தடிமன், மேற்பரப்பும் தட்டை. அங்கே வாய்க்கால் உருவாவதே கடினம், உருவானாலும் சீக்கிரம் மூடிவிடும். உருகும் எல்லை ஆண்டுக்காண்டு அந்தப் பக்கம் ஏறினால் அடியில் என்ன ஆகும் என்பதில்தான் என் கவலை முழுவதும்.