கண்ணாடி கறுக்கிறதா? அடுப்பை மாற்றாதீர்கள், விறகைப் பிளந்து பாருங்கள்

பழைய கணப்புக்குள் விறகு இன்சர்ட் (உள்ளே செருகும், கண்ணாடிக் கதவுள்ள அடுப்பு) பொருத்தியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: அறை சூடாவதில்லை, கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துவிடுகிறது, பெரிய மாடலுக்கு மாறச் சொல்கிறார் விற்றவர், மாறலாமா?

மாறாதீர்கள். பெரிய அடுப்பு வந்தால் அறை கொதிக்கிறதே என்று காற்றைக் குறைத்து எரிப்பீர்கள், கண்ணாடி இன்னும் கறுக்கும்.

எரியும் கட்டையின் வெட்டுமுனையை உற்றுப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்து நுரை கசிந்தால் உங்கள் சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போகிறது, அறைக்கு மிச்சமில்லை. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். 'ஒரு வருஷம் காய்ந்தது' என்று விற்பவர்களிடம்தான் எனக்குக் கோபம், பிளக்காத உருளையாக ஒரு வருஷம் கிடந்த மரம் உள்ளே காய்ந்திருக்காது, பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். ஈரமானியை, அதாவது ஈரம் அளக்கும் ஊசிக் கருவியை, வெளிப்பக்கம் குத்திக் காட்டுவார்கள், நம்பாதீர்கள். உங்கள் முன்னாலேயே ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் பரப்பின் நடுவில் குத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் காற்று. ராத்திரி முழுக்க எரியட்டும் என்று காற்றுத் திறப்பை மூடிப் புகையவிடும் பழக்கத்தை விடுங்கள், அந்தப் புகைதான் கண்ணாடியிலும் குழாயிலும் தாராகப் படிந்து ஒருநாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கிறது. அடுப்பின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்துவிட்டால் கதவுக் கயிற்றை, அதாவது கதவோரத்து இடைவெளியை அடைக்கும் கயிற்றை, மாற்ற வேண்டும்.

விறகு நன்றாகக் காய்ந்திருந்தும், பற்றவைத்ததும் அறைக்குள் புகை திரும்புகிறதா? அப்போது உங்கள் புகைபோக்கி வெளிச்சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும், உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமாகக் கீழே அழுத்தும், சூடான புகைக்கு மேலே போக வழி கிடைக்காது. இங்கே விறகைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, மேலே சுள்ளி வைத்து மேலிருந்து கொளுத்துங்கள், குழாய் முதலில் சூடாகும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் இதே கதைதான், அது அறைக் காற்றை உறிஞ்சுவதால் புகை கீழே இழுபடும். அதனால் முதல் பத்து நிமிஷம் ஃபேனை நிறுத்தி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். குணமானால் உங்களுக்கு வேண்டியது வெளிக்காற்று வரும் வழி, புது அடுப்பு இல்லை.

பொருத்தியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், உள்குழாய், அதாவது அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குள் போகும் குழாய், உச்சி வரைக்கும் போகிறதா? பழைய அகலமான புகைபோக்கிக்குள் ஒரு துண்டுக் குழாயைச் செருகிவிட்டுக் காசு வாங்கிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அகலத்தில் புகை ஆறிப்போய், அதை மேலே இழுக்கும் இழுவை செத்துவிடும். மேலே ஏறிக்கூடப் பார்க்காமல் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள், அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார், இதை யார் கேட்பது? வருஷத்துக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்பவரை உங்கள் கண் முன்னால் உச்சி வரை பார்க்கச் சொல்லுங்கள். தேய்க்க வேண்டாம், தீயில் சுத்தப்படுத்தும் பொடி தூவினால் போதும் என்பவரைத் திருப்பி அனுப்புங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அறையில் கட்டாயம் இருக்கட்டும்.

இப்போதைக்கு ஒரு கட்டையைப் பிளந்து ஈரத்தை அளந்து எழுதுங்கள். 25க்கு மேல் வந்தால் இந்தக் குளிர்காலத்துக்குக் காய்ந்த விறகு வேறு வாங்கிக்கொள்ளுங்கள், இருப்பதைப் பிளந்து, தரையில் படாமல், மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் புகும்படி அடுத்த வருஷத்துக்கு அடுக்கி வையுங்கள்.