ஊசியின் அளவைக் கூட்டுவதற்கு முன்

அண்ணாச்சி, செங்கோட்டையிலிருந்து புனலூர் போய் மூன்று வருடமாக டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறீர்கள். 61 வயதில் பழைய தெம்பு இல்லை, அளவைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள். தாம்பத்திய ஆசைக்கு இந்த மருந்து ஓரளவு உதவும். அசதிக்கு, 65 தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில் பெரிய பலன் தெரியவில்லை. முதலில் ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 54 சதவீதம் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிவிட்டது, ஊசியை நிறுத்தி வைப்பார்கள். அப்புறம், குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் இதே அசதிதான். வீட்டில் அக்காவிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்குமா என்று பார்த்து 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் எலும்பு முறிவும் சற்று அதிகம். படபடப்பு இருந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.