கேளுங்க சொல்றேன்: 'வாட் ஹாப்பண்ட்?'னு கேட்டது ஒரு குத்தமாண்ணே?

கேள்வி: அண்ணே, நான் இலந்தைக்குளம் ஐடி பார்க்ல ஒரு கம்பெனில சேந்து நாலு மாசம் ஆகுது. நியூயார்க்ல இருக்க கிளையண்ட் மேடம்கிட்ட ஒரு ஃபைல் கேட்டிருந்தேன், ரெண்டு நாளா வரல, சரின்னு 'ஹாய், வாட் ஹாப்பண்ட்?'னு சாட்ல தட்டி விட்டேன். அந்தம்மா பதறிப்போய் எங்க லீடுக்கு போன் போட்டு என்ன பிரச்சனை, எது ஓடலைன்னு கேட்டிருக்காங்க. எனக்கு செம வசவு. நான் அப்படி என்னதான் தப்பா கேட்டுட்டேன்? (திருநகர் வாசகர்)

பதில்: தம்பி, நீங்க கேட்டது தமிழ்ல, எழுத்து மட்டும் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அவ்வளவுதான். நம்ம பக்கம் 'என்னாச்சு?' எல்லாத்துக்கும் ஆகும். புக் பண்ண கேஸ் வரலைனாலும் என்னாச்சு, பொண்ணு பாத்துட்டு வந்தவங்களப் பாத்தாலும் என்னாச்சு, ஒருத்தன் கால்ல மாவுக்கட்டு போட்டு நொண்டிக்கிட்டு வந்தாலும் என்னாச்சு. இங்கிலீஷ்ல சும்மா மொட்டையா 'வாட் ஹாப்பண்ட்?'னா அது அந்த மாவுக்கட்டுக்காரன்கிட்ட கேக்குற கேள்வி. அந்தம்மா பதறாம என்ன செய்வாங்க.

இன்னொண்ணு இருக்கு. ஒரு கடைக்காரர்கிட்ட போய் 'அண்ணே, நம்ம வேலை என்னாச்சுண்ணே?'ன்னு கேக்குறோம்ல, அதுல பணிவு பூரா அந்த ரெண்டு அண்ணேக்குள்ளதான் இருக்கு, அதை எடுத்துட்டு 'வேலை என்னாச்சு'ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க, சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். இங்கிலீஷ்ல அண்ணே கெடையாது, மதினி கெடையாது, 'பாத்தீங்களா'ல வர்ற அந்த 'ங்க'வும் கெடையாது, சின்னவன் பெரியவன் எல்லாருக்கும் ஒரே 'யூ'. அப்ப பணிவை எங்க வைக்கிறது? 'ஜஸ்ட்'ல வைப்பாங்க, 'மைட்'ல வைப்பாங்க, 'ஐ வாஸ் வொண்டரிங்'னு இப்பக் கேக்குறதையே என்னமோ நேத்து நெனச்ச மாதிரி இறந்தகாலத்துல தள்ளி வச்சுக் கேப்பாங்க. நம்ம ஆளுங்க இந்தச் சின்ன வார்த்தையெல்லாம் தேவையில்லாத ஜவ்வுன்னு வெட்டிர்றாங்க, வெட்டினா அண்ணேய வெட்டின மாதிரிதான்.

அதனால அடுத்த தடவை இப்படிப் போடுங்க: 'ஹாய், ஜஸ்ட் செக்கிங் இன் ஆன் த ஃபைல் ஐ ஆஸ்க்ட் ஃபார் ஆன் மண்டே. டு யூ ஹேவ் அ ரஃப் ஐடியா வென் இட் மைட் பி ரெடி?' எந்த ஃபைல், என்னைக்கு கேட்டது, இப்ப என்ன வேணும், மூணும் வந்துருச்சு, அவங்க பழைய மெசேஜைத் தேட வேண்டியதில்ல. ஏதாவது அனுப்பிட்டு அவங்க பாத்தாங்களான்னு தெரியணும்னா 'ஹேவ் யூ ஹேட் அ சான்ஸ் டு லுக் அட் இட்?'. எங்க அம்மா 'கை ஒழிஞ்சா பாருங்க'ம்பாங்க, கிட்டத்தட்ட அதேதான். கூட வேலை பாக்குற பயகிட்ட 'எனி அப்டேட் ஆன் திஸ்?', 'ஹௌ இஸ் இட் கமிங் அலாங்?' தாராளமா போதும். 'வேர் ஆர் வி வித் திஸ்?'னு ஒண்ணு இருக்கு, அது மேனேஜருங்க கீழ பாத்துக் கேக்குறது, நீங்க கிளையண்ட்கிட்ட எடுத்து விடாதீங்க.

அப்புறம் 'பை ஈஓடி'ன்னு, அதாவது இன்னைக்கு வேலை முடியுறதுக்குள்ளன்னு போடும்போது யாரோட ஈஓடின்னு யோசிங்க. உங்களுக்கு சாயங்காலம் 6 மணின்னா நியூயார்க்ல வெயில் காலத்துல காலைல எட்டரை, குளிர் காலத்துல ஏழரை. அந்தம்மா அப்பத்தான் காபி போட்டுக்கிட்டு இருப்பாங்க. மணியை எழுதி, நம்ம இந்திய நேரம்னு தெரிய 'ஐஎஸ்டி'னும் சேத்துப் போட்டுருங்க, வம்பே இல்ல.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வச்சிருக்கேன். சூரத் பார்ட்டிக்கு தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது, ரெண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷ்தான். 'சார், அப்டேட் சார்?'னா 'டுடே சார்'ங்கிறார். ஒம்போது நாளா டுடே. எப்படிக் கேக்குறது?

பதில்: 'அப்டேட்'னு கேட்டா 'டுடே'ன்னுதான் வரும். தீபாவளிக்கு முந்துன வாரம் நம்ம டெய்லர் 'நாளைக்கு காலைலண்ணே'ம்பார்ல, அதே ராகம், அதுல அர்த்தம் தேடாதீங்க. 'ஆமா', 'இல்ல'ன்னு மட்டும் சொல்ல முடியுற கேள்வியாப் போடுங்க: 'ஹேஸ் த பார்சல் பீன் புக்டு?' புக் ஆயிருச்சுன்னு சொன்னா மறு வார்த்தை 'ப்ளீஸ் சென்ட் மி த எல்ஆர் காபி'. எல்ஆர்னா லாரி ரசீது, லாரி ஆபீஸ்ல சரக்கு போட்டா அந்த நம்பர் இருக்கணும், உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த ரசீது போட்டோ வாட்ஸ்அப்ல வர்ற வரைக்கும் சரக்கு அவர் குடோன்லதான் தூங்குதுன்னு வச்சுக்கங்க. வந்தப்புறம் நம்ம லாரி ஆபீஸ்லயே அந்த நம்பரைச் சொல்லி தமிழ்ல கேட்டுக்கலாம், இங்கிலீஷே வேணாம்.

கேள்வி: 'கைண்ட்லி ரிவர்ட் பேக்', 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்', 'ஜென்டில் ரிமைண்டர்' இதெல்லாம் தப்புன்னு என் பேத்தி சிரிக்கிறா. முப்பது வருஷம் ஆபீஸ்ல இப்படித்தான் எழுதினேன். (அண்ணா நகர், ரிட்டயர்டு)

பதில்: ஐயா, பேத்திய மெரட்டி வைங்க. 'டூ த நீட்ஃபுல்', அதான் 'ஆவன செய்யவும்', வெள்ளைக்காரன் எழுதிக்கிட்டு இருந்ததுதான், அவன் விட்டுட்டான், நாம விடல. 'ரிவர்ட்'னா வெளிநாட்டுல பழைய நிலைக்குத் திரும்புறது, பதில் போடுறதுங்கிற அர்த்தம் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா பக்கம் புழங்குது, அதனால உள்ளூருக்கு ஓகே, வெளியூருக்கு 'லெட் மி நோ'. அந்த 'பேக்' மட்டும் எந்த ஊருக்கும் வேணாம், 'ரிவர்ட்'லயே 'திரும்ப' இருக்கு. 'ஜென்டில் ரிமைண்டர்' மொத தடவை ஜென்டில்தான். மூணாவது தடவையும் அதையே போட்டா கந்துவட்டிக்காரர் வாசல்ல வந்து சிரிச்சுக்கிட்டே 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்'ங்கிற மாதிரி ஆயிரும்.

கேள்வி: மகன் பெங்களூர்ல இருக்கான். போன் பண்ணினா 'மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பிங் பண்றேன்'ங்கிறான். பிங்னா என்ன? (மேலூர் வாசகி)

பதில்: அக்கா, மெசேஜ் போடுறேன்னு சொல்றான், பயப்படாதீங்க. கடலுக்கடியில சோனார்னு ஒரு கருவி சத்தம் விட்டு, அது எதுலயாவது மோதித் திரும்பி வருதான்னு பாக்கும். 1983ல மைக் மூஸ்னு ஒரு அமெரிக்கர், இன்னொரு கம்ப்யூட்டர் லைன்ல இருக்கான்னு பாக்க ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி, அந்தச் சத்தத்தையே பேரா வச்சார், பிங். இங்கேருந்து 'இருக்கியா?'ன்னு போகும், அங்கேருந்து 'இருக்கேன்'னு வரும், வேற சேதி ஒண்ணும் இருக்காது. நீங்க தினம் ராத்திரி 'சாப்டியா?'ன்னு போடுறீங்கள்ல, அந்த மாதிரி. பதில் வரலைன்னா கம்ப்யூட்டர்ல 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'னு வரும். உங்க மகன்கிட்டருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் வரும்.