பதில்: அறிக்கையில் ஈயம் 9, வரம்பு 15 – குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். உங்கள் குடியிருப்புக்கு மட்டும் தண்ணீர் தரும் சிறு அமைப்பின் ஆண்டறிக்கையில் ஈயம் 9 பிபிபி (நூறு கோடியில் 9 பங்கு), வரம்பு 15, மீறல் இல்லை என்று இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 9 உங்கள் வீட்டு அளவு இல்லை. சில வீடுகளில் எடுத்த மாதிரிகளின் 90-வது சதமானம். அதாவது, சோதித்த வீடுகளில் பத்தில் ஒன்றில் இன்னும் அதிகமாக இருந்திருக்கலாம். 15 என்பதும் பாதுகாப்பு எல்லை இல்லை. தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஈயத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) வைத்திருக்கும் இலக்கு 0.

மாதிரி எடுத்த ஆண்டையும் பாருங்கள். சிறு அமைப்புகள் பல, மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈயம் சோதிக்கின்றன. அறிக்கை புதிது, எண் பழசு என்பது சகஜம்.

ஈயம் பெரும்பாலும் இணைப்புக் குழாயிலிருந்தும் பற்றவைப்பிலிருந்தும் கலப்பது. அதனால் உங்கள் குழாயையே சோதிக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். மறுத்தால் சான்றுபெற்ற ஆய்வகம். ராத்திரி முழுக்கக் குழாயைத் தொடாமல் விட்டு, காலையில் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். முடிவு வரும்வரை, ஈயம் நீக்குவதற்கு என்எஸ்எஃப் 53 என்ற வடிகட்டித் தரச் சான்று உள்ள வடிகட்டித் தண்ணீரிலேயே பால் கலக்குங்கள்.