விற்பனை மதிப்பெண் குறைவென்று ராஜினாமா கேட்கிறார்கள், எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். சென்ற தை மாதம் என்னைப் பட்டுப் பிரிவிலிருந்து வேட்டி, துண்டு பிரிவுக்கு மாற்றினார்கள். மாத இலக்கை மாற்றவில்லை. மூன்று மாதமாக மதிப்பெண் குறைவு என்று சொல்லி, இப்போது ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். மதிப்பெண் தாளின் நகலை இணைத்துள்ளேன். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். தாங்களாகவே விலகியதாக ஒரு கடிதம் அவர்கள் கைக்குப் போய்விட்டால், அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை தங்கள் மேல் விழும். சாட்சி சொல்ல வேண்டிய தோழிகளோ அதே கடையில்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41ஆம் பிரிவு, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பயணம் செய்தே பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. கடைக்குள் நின்று விற்கும் தங்களுக்குப் பொருந்தும். இலக்கை எட்டாததையே ‘ஒழுங்கீனம்’ என்று எழுதி முன்னறிவிப்பின்றி அனுப்ப நினைத்தால், அவர்கள் முறையான விசாரணை நடத்தி, அதில் சான்றுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பணியாளரின் திறனை அளக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. சரியான அளவுகோலை முன்கூட்டியே சொல்லி, திருத்திக்கொள்ள அவகாசமும் கொடுத்த பிறகு ஒருவர் தொடர்ந்து பின்தங்கினால், அதை நியாயமான காரணமாக, மேல்முறையீட்டை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி ஏற்கக்கூடும் என்பதையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் தங்கள் தாளில் உள்ள அளவுகோலே கோணலாக இருக்கிறது. முகூர்த்தப் பட்டு ஒன்றை 20,000 ரூபாய்க்கு விற்றால் ஏறும் பில் தொகையை எட்ட, 400 ரூபாய் வேட்டி ஐம்பது விற்க வேண்டும். ஐம்பது முறை எடுத்துக் காட்டி, கரை பார்க்கப் பிரித்து, மீண்டும் மடித்து அடுக்க வேண்டும். பிரிவை மாற்றிவிட்டு இலக்கை அப்படியே வைத்தால், அந்த மதிப்பெண் காட்டுவது தங்கள் திறமையை அல்ல, துணியின் விலையைத்தான்.

தாளின் கடைசி வரி என்னை மிகவும் வருத்தியது. ‘பணி நேரத்தில் அமர்ந்தது’ என்று எழுதி ஐந்து மதிப்பெண் கழித்திருக்கிறார்கள். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று 2021-இல் இதே சட்டத்தில் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. நாள் முழுதும் கால் கடுக்க நிற்கும் பெண்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமையைக் குற்றமாக எண்ணும் தாள், நியாயமான மதிப்பீடு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த வாரமே நிர்வாகத்துக்கு விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிரிவு மாறிய தேதி, மாறாத இலக்கு, அமர்ந்ததற்குக் கழித்த மதிப்பெண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, “நான் ராஜினாமா செய்யவில்லை, பணிக்குத் தொடர்ந்து வரத் தயாராக இருக்கிறேன்” என்று தெளிவாக எழுதுங்கள். சம்பளச் சீட்டுகள், பழைய ஊதிய உயர்வுக் கடிதங்கள், மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். பட்டுப் பிரிவில் தாங்கள் இலக்கை எட்டிய மாதங்களின் தாள் ஒன்றாவது கிடைத்தால் அது பெரிய பலம்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனிக் கணக்கு. ஐந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டதால், தாங்களே விலகினாலும் அவர்கள் நீக்கினாலும் பொதுவாக ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் உண்டு. கணக்கில் கொள்ளும் மாத ஊதியம் 13,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஒன்பது ஆண்டுகளாலும் பெருக்க 67,500 ரூபாய் வரும். ராஜினாமா கொடுத்தால்தான் இந்தப் பணம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடிதத்துக்குப் பிறகும் நீக்கினால், நீக்கல் உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், 41(2) பிரிவின்கீழ் அரசு நியமித்துள்ள தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அவர் அளிக்கும் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். உத்தரவு வந்த அஞ்சல் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள். நாள் கணக்கில் தகராறு வந்தால் அதிலுள்ள முத்திரைதான் பேசும்.